வால் இழுபட்ட பூனைக்குச் சிறுநீர் சொட்டுகிறது, ஆனால் பை காலியாவதில்லை: வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி – தண்டையார்பேட்டையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு வயதுக் கடுவன் பூனை ஒன்று இருக்கிறது. நிறத்தை வைத்துச் சாம்பல் என்று கூப்பிடுகிறோம்; எடை 4 கிலோ. 12 நாட்களுக்கு முன் சந்தில் நிறுத்தியிருந்த பைக்கின் பின்சக்கரத்தை ஒட்டி அது படுத்திருந்ததைக் கவனிக்காமல் என் தம்பி வண்டியை எடுத்ததில், வால் சக்கரக் கம்பிகளுக்கு இடையே சிக்கி இழுபட்டுவிட்டது. அன்றிலிருந்து வால் ஈரத்துணிபோலத் தொங்குகிறது. பின்னங்காலில் சிறிது தள்ளாட்டம் இருந்தாலும் நடக்கிறது, சாப்பிடுகிறது, என் குரல் கேட்டால் வருகிறது.

முதலில் காட்டிய இடத்தில், சிறுநீர்தான் சொட்டுகிறதே, அதனால் பயமில்லை என்று சொல்லி வலிக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் வயிறு கல்லாகிப் பூனை சுருண்டு படுத்ததும் வேறொரு மருத்துவரிடம் ஓடினோம். அவர் எக்ஸ்ரே எடுத்து, இடுப்புக்குப் பின்னால் வால் தொடங்கும் இடத்தில் எலும்பு விலகியிருப்பதையும், அதன் வழியாகச் செல்லும் நரம்புகள் இழுபட்டிருப்பதையும் விளக்கினார். சில நாட்கள் குழாய் வைத்திருந்து எடுத்துவிட்டு, இப்போது கையால் அமுக்கிச் சிறுநீரை வெளியேற்றச் சொல்லியிருக்கிறார். காலையிலும் இரவிலும் செய்கிறேன். முழுவதும் வந்துவிட்டதா என்பது எனக்குத் தெரிவதில்லை. படுத்த இடமெல்லாம் நனைந்திருக்கிறது.

ஒற்றை அறை வீடு. நாற்றம் தாங்காமல் அம்மா, காசிமேட்டில் மீன் இறங்கும் இடத்தில் விட்டுவிடு, எப்படியாவது பிழைத்துக்கொள்ளும் என்கிறார். பக்கத்து வீட்டில் ஊசி போட்டு முடித்துவிடுவதே புண்ணியம் என்கிறார்கள். தம்பி அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. இது குணமாகக்கூடியதா, நான் செய்வது சரிதானா என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் – பெரம்பூரிலிருந்து

தங்கைக்கு வணக்கம். துறைமுகத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள். தானாகச் சிறுநீர் கழிக்க முடியாத பூனை மீனுக்கு நடுவில் இருந்தாலும் சில நாட்களில் உள்ளேயே நஞ்சேறி இறந்துவிடும். அம்மாவுக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அவர் கல்நெஞ்சால் சொல்லியிருக்க மாட்டார், விவரம் தெரியாமல் சொல்லியிருப்பார்.

எங்கள் பெட்டைப் பூனை இதே நிலையில் ஆறு ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்தது. நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், சொட்டுவது வேறு, கழிப்பது வேறு என்பதுதான். குடம் நிறைந்து வழிவதுபோலப் பை நிரம்பி மிஞ்சியது சொட்டுகிறதே தவிர, உள்ளே இருப்பது அப்படியே தேங்கிக் கிடக்கிறது. படுக்கை நனைந்திருக்கிறது என்கிறீர்களே, அதைப் பார்த்தால் இரண்டு வேளை போதவில்லை என்றே தோன்றுகிறது. எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளைக்கு மூன்று முறை, கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். நான் காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து என்று வைத்திருந்தேன். என் மகளின் கல்யாணத்தன்றும் இரண்டு மணிக்கு மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வந்து போனேன்.

எனக்குக் கை பழகியது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். 1903இல் தொடங்கிய கல்லூரி அது. என் தாத்தா வண்டிமாட்டை ஓட்டிக்கொண்டு போனதும் அங்கேதான். பூனையை நிற்க வைத்து ஒரு கையால் மார்பைத் தாங்கிக்கொண்டு, மறு கையைப் பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் அடிவயிற்றின் கீழ் கொடுத்தால், தண்ணீர் நிரப்பிய பலூன்போல ஒன்று விரல்களுக்கு இடையே அகப்படும். எலுமிச்சை அளவில் இருந்தால் நேரத்துக்குச் செய்கிறோம், சாத்துக்குடி அளவில் இருந்தால் தாமதமாகிவிட்டது என்று நான் கணக்கு வைத்திருந்தேன். கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் மறுபக்கமும் இருக்க, வால் பக்கம் நோக்கி விட்டுவிட்டு அல்லாமல் ஒரே சீராக அழுத்தம் கொடுக்க வேண்டும். தாரை நின்றவுடன் கையை எடுத்துவிடாமல், சிறிது பொறுத்து இன்னொரு முறை தடவிப் பார்த்தால் மிச்சம் இருப்பது தெரியும். எழுத்தில் படித்து வருகிற வித்தை அல்ல இது. மருத்துவர் முன்னிலையில் நீங்கள் செய்து காட்டி, அவர் தொட்டுப் பார்த்துக் காலியாகிவிட்டது என்று சொன்ன பிறகே உங்கள் கையை நம்புங்கள்.

முழுவதும் வந்ததா என்பதற்கு ஒரு வழி உண்டு. உலர்ந்த துணியைச் சமையலறைத் தராசில் எடைபோட்டு, அதில் சிறுநீரைப் பிடித்து மீண்டும் எடைபோடுங்கள். கூடிய ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி. நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வாருங்கள். மருத்துவரிடம் நாம் வாயால் சொல்வதைவிட அந்தப் பக்கம் அதிகம் சொல்லும்.

பதில் – கால்நடை மருத்துவர், மாதவரம்

மேலே சகோதரி கூறியது சரியானது, சிலவற்றைச் சேர்க்கிறேன். சிறுநீர்ப்பையைச் சுருக்கும் நரம்பும், அதன் வாய்ப்பகுதியை இறுக்கிப் பிடிக்கும் நரம்பும், ஆசனவாயைக் கட்டுப்படுத்தும் நரம்பும் வாலுக்குச் சற்று மேலே உள்ள திரிக எலும்புப் பகுதியிலிருந்தே புறப்படுகின்றன. வாலைப் பிடித்து இழுக்கும்போது வாலுக்குரிய நரம்புகளோடு இவையும் சேர்ந்து இழுபடுகின்றன. இழுபட்ட நரம்பு மீளலாம், அறுந்த நரம்பு மீளாது. இரண்டையும் எக்ஸ்ரே பிரித்துக் காட்டாது, காலம்தான் காட்டும். வாலின் அடிப்பகுதியைக் கிள்ளினால் வலியை உணர்ந்து திரும்பிப் பார்க்கிறதா, ஆசனவாயைத் தொட்டால் சுருங்குகிறதா என்ற இரண்டையும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இவை இருந்தால் நம்பிக்கை மிக அதிகம். ஒரு மாதம் கழிந்தும் கட்டுப்பாடு திரும்பாவிட்டால், பிறகு திரும்புவது அரிது. 12ஆம் நாளில் உயிரை முடிக்கும் முடிவை எடுக்க எந்தக் காரணமும் இல்லை என்பது என் கருத்து.

4 கிலோப் பூனைக்கு ஒரு நாளில் சுமார் 80 முதல் 160 மில்லி வரை சிறுநீர் ஊறும். உங்கள் கணக்கு அதைவிட மிகக் குறைந்தால் உள்ளே தேங்குகிறது அல்லது பூனை தண்ணீர் குடிப்பதில்லை என்று பொருள். தேங்கிய பை அளவுக்கு மீறி விரிந்தால் அதன் தசையே பழுதாகி, நரம்பு மீண்ட பிறகும் சுருங்காமல் போகலாம். வேளை தவறக்கூடாது என்பது அதனால்தான். கடுவனுக்குச் சிறுநீர்க் குழாய் குறுகலானது. பை இறுகியிருந்து ஒரு துளியும் வரவில்லை என்றால் பலம்கொண்டு அமுக்காதீர்கள், பை கிழிந்துவிடும். அப்படி ஒரு நாள் முழுவதும் வராமல் போனால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும் ஆபத்து உண்டு. உடனே தூக்கிச் செல்லுங்கள். பையைச் சுருக்கப் பெத்தனிகால், பையின் வாயைத் தளர்த்தப் பிரசோசின் என மருந்துகள் உண்டு. வாய் இறுகியிருக்கும்போது முதலாவதை மட்டும் கொடுப்பது தீங்கு என்பதால் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். கலங்கல், இரத்தம், புதிய நாற்றம் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் கிருமித் தொற்றுக்காகச் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: வலிக்கிறதே என்று பாராசிட்டமால் மாத்திரையில் கால் பங்குகூடக் கொடுத்துவிடாதீர்கள். அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை. அதனாலேயே இறந்த பூனைகளை நான் பார்த்திருக்கிறேன். டெட்டால் கலந்த நீரில் கழுவுவதும் வேண்டாம். பூனை அதை நக்கும், நக்கினால் நஞ்சு.

பதில் – திருவொற்றியூரிலிருந்து

நாற்றத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஒற்றை அறை வீட்டில் அதுதான் பெரிய பாரம் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். மெக்கானிக் கடைகளுக்குக் கிலோக் கணக்கில் விற்கிற பனியன் வேஸ்ட்டை வாங்கி, துவைத்துக் காயவைத்து, மடித்துப் படுக்கையில் போட்டு ஒவ்வொரு வேளையும் மாற்றினேன். குழந்தைகளுக்கான சிறிய டயப்பரில் வாலுக்குத் துளை போட்டும் கட்டலாம், ஆனால் டயப்பர் போட்டிருக்கிறோமே என்று அமுக்கி எடுப்பதைத் தள்ளிப்போட்டால் பலன் கெட்டுவிடும். வெதுவெதுப்பான நீரில் தொடையைக் கழுவி, நன்றாக ஒற்றி உலர்த்தி, வாசலைனை மெல்லிய படலமாகத் தடவினால் தோல் வெந்துபோகாது.

நம் பக்கத்தில் ஈ அதிகம். உணர்ச்சியில்லாத வால் சிறுநீரிலும் மலத்திலும் புரண்டு ஈரமாக இருந்தால் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். எங்கள் பூனைக்கு ஒரே இரவில் வைத்தது. தினமும் வாலடியை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். கடைசியில் வாலை எடுத்துவிட்டோம், அதன் பிறகு அது வேறு பூனையாகிவிட்டது. மலமும் கட்டிக்கொள்ளும். அதற்கு லாக்டுலோஸ் மருந்தின் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். மனிதர்களுக்கான பாஸ்பேட் எனிமாவைப் போட்டுவிடாதீர்கள், பூனைக்கு அது உயிரை எடுக்கும். மீனை வெங்காயம், பூண்டு, உப்பு இல்லாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு கொடுங்கள். குழம்பு மீன் வேண்டாம்.

மீண்டும் தண்டையார்பேட்டையிலிருந்து

அக்காவுக்கும் டாக்டருக்கும் அண்ணனுக்கும் நன்றி. ஐந்து நாட்களாக மூன்று வேளை செய்கிறேன். பிற்பகல் வேளையைத் தம்பி கேட்டு வாங்கிக்கொண்டான். நேற்று 42, 35, 40 கிராம் வந்தது, படுக்கை ஓரளவு உலர்ந்தே இருக்கிறது. வாலடியைக் கிள்ளியபோது சாம்பல் திரும்பி மருத்துவரின் கையைக் கடிக்கப் போனது. அவர் சிரித்துக்கொண்டே நல்ல செய்தி என்றார். வாலின் நடுவிலிருந்து நுனி வரை உணர்ச்சி இல்லை, அந்த இடத்தை எடுப்பதை அடுத்த வாரம் முடிவு செய்வோம் என்றிருக்கிறார். அம்மா இப்போது துறைமுகப் பேச்சை எடுப்பதில்லை, பழைய சேலையைக் கிழித்து மடித்து வைக்கிறார். ஒரே சந்தேகம்: இன்று காலை மணல் தட்டில் தானாகப் போய்க் குந்தியது, சில துளிகள்தான் வந்தன. இனி அமுக்குவதைக் குறைக்கலாமா?

பதில் – கால்நடை மருத்துவர், மாதவரம்

குந்தியது மிக நல்ல அறிகுறி, ஆனால் இப்போது குறைக்காதீர்கள். அது தானாகக் கழித்த உடனே நீங்கள் அமுக்கி, மீதம் எவ்வளவு வருகிறது என்று எடைபோடுங்கள். அந்த மீதம் சில நாட்கள் தொடர்ந்து சில மில்லிக்குள் நின்றால் நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் மருத்துவரிடம் செல்லுங்கள். எந்த வேளையை முதலில் நிறுத்துவது என்று அவர் முடிவு செய்வார்.