கொழுக்கட்டைப் புல் பிடுங்கிய கதை: பூர்வகுடி ரேஞ்சர்களோடு நம் அனுபவங்கள்

காங்கேயத்தான், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்:

ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி மக்களும் அரசும் சேர்ந்து நிர்வகிக்கும் பூங்காக்கள் நிறைய இருக்கின்றன. அங்கே களப்பணி செய்யும் பூர்வகுடி ரேஞ்சர்களோடு பழகியவர்கள் எழுதுங்கள். சுற்றுலா பஸ்ஸில் கேட்ட கதை வேண்டாம். கூட நின்று வேலை பார்த்தது, திட்டு வாங்கியது, அந்த மாதிரி. நானே தொடங்குகிறேன்.

நான் இங்கே முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். ஊருக்கு மேற்கே சோரிட்ஜா தேசியப் பூங்கா. முன்பு மேற்கு மெக்டொனல் என்று மட்டும் சொல்வார்கள். போன வருடம் கோடை மழைக்குப் பிறகு, களை எடுக்கத் தன்னார்வலர்கள் வேண்டும் என்றார்கள். சனிக்கிழமை சும்மாதானே இருக்கிறோம் என்று போனேன். ஆளுக்கு ஒரு களைக்கொத்தைக் கொடுத்து, ஆற்றுப் படுகையில் ஒரு புல் கொத்தைக் காட்டி, "இதுதான் எதிரி, பஃபல் புல்" என்றார் ரேஞ்சர். நாற்பத்தைந்து வயது இருக்கும், அரெர்ண்டா என்ற இந்தப் பக்கத்துப் பூர்வகுடியைச் சேர்ந்தவர்.

நான் குனிந்து கதிரைத் தொட்டுப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. சாட்சாத் கொழுக்கட்டைப் புல்! எங்கள் பக்கம் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலி கட்டி, நடுவில் வெள்வேல மரம் விட்டு, காங்கேயம் மாட்டுக்காகக் காப்பாற்றி வைக்கிற அதே புல். மழை தவறினாலும் வேர் சாகாது, இரண்டு தூறல் விழுந்தால் துளிர்த்துவிடும் என்று என் அப்பிச்சி அதைக் கொண்டாடுவார். அவர் கொண்டாடிய அதே குணத்துக்காகத்தான் இங்கே அதைக் கொத்தச் சொல்கிறார்கள்.

"எங்க ஊர்ல இதை வளர்ப்போம்" என்றேன். அவர் தொப்பியைத் தூக்கிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்படியா, சந்தோஷம். போகும்போது எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடு."

பிறகு கொத்திக்கொண்டே சொன்னார். 19ஆம் நூற்றாண்டில் ஒட்டகக்காரர்களின் சேணத்துக்குள் திணித்த வைக்கோலோடு வந்ததாம். அப்புறம் மாட்டுத் தீவனத்துக்கும், ஆலிஸில் புழுதியை அடக்கவும் மனிதர்களே விதைத்தார்கள். இந்த மண்ணின் புல் கொத்துக் கொத்தாக இடைவெளி விட்டு வளரும், நடுவில் வெறும் மண் இருக்கும். தீப்பிடித்தாலும் அந்த இடைவெளியில் வந்து நின்றுவிடும். கொழுக்கட்டைப் புல் இடைவெளியே விடாது. காய்ந்தால் நெருப்பு சூடாக எரியும், எரிந்த பிறகு முதலில் துளிர்ப்பதும் அதுவே. 2019 ஜனவரித் தீயில் இந்தப் பூங்காவில் பெரும் பரப்பு போயிற்று. ஆற்றோர யூகலிப்டஸ் மரம் ஒன்றைக் காட்டினார். நம் ஊர் ஆலமரத்துக்கு உண்டான வயது அதற்கு. அடிமரம் உள்ளே குகை மாதிரி கருகிக் கிடந்தது. அதைச் சுற்றி மறுபடி அதே புல், இடுப்பு உயரத்துக்கு.

எனக்கு மனதில் நின்றது மரம் அல்ல. புல் இல்லாத ஒரு கை அகல மண்ணைக் காட்டி, "இதைப் படி" என்றார். எனக்கு மண்தான் தெரிந்தது. அவர் விரலை வைத்து, இது பல்லி, இது அதன் வால் இழுத்த கோடு, காலையில் போயிருக்கிறது, அவசரமில்லாமல் போயிருக்கிறது என்று படித்தார். பிறகு பக்கத்தில் இருந்த புல் மெத்தையைக் காட்டினார். "இங்கே எதைப் படிக்கிறது? என் பாட்டி எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த சிலேட்டு இது. மேலே பாய் விரிச்ச மாதிரி ஆயிடுச்சு."

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. பத்து மணிக்கெல்லாம் ஒரு வளைவு வரைக்கும் முடித்துவிட்டோம். வளைவுக்கு அந்தப் பக்கம் இன்னும் அடர்த்தியான புல். எல்லோரும் நடந்தோம். அவர் மட்டும் நின்றுவிட்டார். "அது என் பக்கம் இல்லை. கேட்கணும்." அலுவலகத்தின் திட்ட வரைபடத்தில் அந்த இடமும் இருந்தது, மருந்து தெளிக்க ஒப்புதலும் இருந்தது. இருந்தும் வண்டியின் சேட்டிலைட் போனை எடுத்து ஒரு பாட்டியைக் கூப்பிட்டார். பாட்டி கடைக்குப் போயிருக்கிறாராம். மர நிழலில் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். டீ தீர்ந்துவிட்டது.

ஒரு வழியாகப் போன் வந்தது. போகலாம், ஆனால் அந்தத் தனிப் பாறைக்கு இந்தப் பக்கம் மட்டும், பெண்கள் யாரும் முன்னால் போக வேண்டாம், மருந்து அடிக்கக் கூடாது, கொத்தினால் போதும். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கே ஓர் இடத்துக்கு அப்பா வழியில் உரிமை உள்ளவர்கள் ஒரு கூட்டம். அம்மா வழியில் வந்தவர்கள் அந்த இடத்தைச் சரியாகப் பார்த்துக்கொள்கிறார்களா என்று மேற்பார்க்கும் இன்னொரு கூட்டம். இரண்டு பக்கமும் சரி சொல்லாமல் எதுவும் நடக்காது. அவர் விளக்கியபோது அங்கிருந்த வெள்ளைக்காரப் பையன் நோட்டில் படம் போட்டுப் புரிந்துகொண்டான். எனக்குப் படம் தேவைப்படவில்லை. மாமன் மடியில் உட்கார வைக்காமல் எங்கள் வீட்டில் யாருக்குக் காது குத்தியிருக்கிறார்கள்?

மாலையில் அவரிடம் கேட்டேன், உங்களுக்கு யார் மேலதிகாரி என்று. சட்டைக் கையில் இருந்த அரசு முத்திரையைத் தட்டிக் காட்டினார். "இவங்க சம்பளம் தர்றாங்க. திட்டுறது பாட்டி."

மானாமதுரைக்காரி, அடிலெய்டு:

காங்கேயத்தான், உங்களுக்குப் புல் என்றால் எனக்கு வெள்ளாடு.

புரோக்கன் ஹில்லில் இரண்டு வருடம் நர்ஸாக இருந்தேன். அங்கிருந்து வடகிழக்கே சுமார் 130 கிலோமீட்டரில் முதாவிஞ்சி தேசியப் பூங்கா. 1983இல் பூர்வகுடி மக்கள் சாலையை மறித்து, எங்கள் புனித இடத்தில் எங்களைக் கேட்காமல் சுற்றுலா நடத்தாதே என்று உட்கார்ந்த இடம். 1998இல் நிலம் அவர்கள் பெயருக்கே திரும்பியது. நியூ சவுத் வேல்ஸில் அப்படித் திருப்பித் தரப்பட்ட முதல் தேசியப் பூங்கா அதுதான். இப்போது அரசு குத்தகைக்காரர், வாடகை கட்டுகிறது. நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை நிலத்துக்காரர்கள். இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "கோயில் நிலத்தைக் கோயிலுக்கே கொடுத்துட்டு அறநிலையத்துறை வாடகை கட்டுற மாதிரியா?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்று விட்டுவிட்டேன், முழுசாகப் பொருந்தாது.

அங்கே களப் பணியாளர் ஒருவரைப் பார்த்தேன். மாநிலப் பூங்காத் துறையில் பூர்வகுடியினருக்கென்றே ஒதுக்கிய வேலை அது. நான் ஏதோ பாறை ஓவியத்துக்குப் பக்கத்தில் தவம் மாதிரி உட்கார்ந்திருப்பார் என்று கற்பனை செய்து வைத்திருந்தேன். மனிதர் கழிப்பறைக்குப் பேப்பர் மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு வேலிக் கம்பி. பிறகு ஒரு குடும்பம் அணைக்காமல் போன அடுப்பில் தண்ணீர் ஊற்றல். மதியத்துக்கு மேல்தான் எங்கள் நான்கு பேரையும் ஓவியப் பாறைக்குக் கூட்டிப்போனார். ஆள் துணை இல்லாமல் அங்கே யாரும் போக முடியாது.

வழியில் சரிவில் ஆட்டுப் புழுக்கை. நான் சந்தோஷமாக, "ஆடு இருக்கா!" என்றேன். சிறு வயதில் கிடையில் வளர்ந்தவள், அந்த வாசனை வந்தாலே எனக்கு அப்பா ஞாபகம். அவர் முகம் மாறவில்லை, ஆனால் நின்றுவிட்டார். வெள்ளைக்காரர் கொண்டுவந்து, ஓடிப்போய்க் காட்டு ஆடாகப் பெருகியவை. அந்த மலைகளில் மஞ்சள் கால் பாறை வாலபி என்று வளைய வளைய வால் கொண்ட ஒரு சிறிய கங்காரு இனம் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வேறெங்கும் கிடையாது. ஆடு அதன் தீனியைத் தின்னும், வெயிலுக்கு ஒதுங்கும் பாறை நிழலையும் பிடித்துக்கொள்ளும். அதே நிழலில்தான் ஓவியங்களும். ஆடு முதுகைத் தேய்த்தால் போச்சு. அதனால் பிடித்தும் அகற்றுகிறார்கள், ஹெலிகாப்டரிலிருந்து சுட்டும் கொல்கிறார்கள்.

"உனக்குக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எனக்கும் சுடும்போது நல்லாயிருக்காது. ஆட்டு மேல கோபம் இல்லை" என்று சொல்லிவிட்டு மறுபடி நடந்தார்.

பாறையில் கை அச்சுகள். கையை வைத்து வாயால் காவிச் சாயத்தை ஊதிப் பதித்தவை. ஒன்று குழந்தைக் கை. நான் இரண்டு ஓவியங்களைக் காட்டி அர்த்தம் கேட்டேன். "இது சொல்லலாம்" என்று ஒன்றைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். மற்றதற்கு, "அது சொல்லமாட்டேன்." எங்களோடு வந்த ஒருவர், டிக்கெட் காசு கொடுத்திருக்கிறோமே என்று முனகினார். களப் பணியாளர் காதில் விழுந்தது. அவர் கீழே கிடந்த ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். அந்தப் பாட்டில் முனகியவருடையது.

ஒயர்மேன், டார்வின்:

சுருக்கமாக எழுதுகிறேன், டைப் பண்ண வராது.

சோலார் பம்ப் பழுது பார்க்கக் கக்காடு தேசியப் பூங்காவுக்குப் போவேன். ரேஞ்சர் நிலையத்தில் என் வண்டியை நிறுத்தி டயர் இடுக்குச் சேற்றைக் குச்சியால் நோண்டினார் ஒரு பினிஞ் (அந்தப் பக்கத்துப் பூர்வகுடி) ரேஞ்சர். என்னவென்று கேட்டால், மிமோசா விதை. நம் தொட்டாச்சிணுங்கியின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள், தொட்டால் இதுவும் சுருங்கும். ஆனால் ஆள் உயரத்தைத் தாண்டி முள் புதராக வளரும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டார்வின் தாவரவியல் தோட்டம் வழியாக வந்தது. கக்காடுவுக்கு வெளியே வெள்ளச் சமவெளிகளை அப்படியே மூடிவிட்டது. உள்ளே மூடவில்லை. காரணம், 1980களின் தொடக்கத்திலிருந்து நாலு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு வருடம் முழுக்க இதே வேலை. ஒரு செடி கிடைத்தாலும் இடத்தைக் குறித்துக்கொண்டு வருடா வருடம் அதே இடத்துக்கு வந்து பார்க்கிறார்கள், விதை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்குமே.

"எத்தனை செடி பிடிச்சீங்க இந்த வருஷம்?" என்றேன். "அதைக் கேட்காதே. எத்தனை இடத்துல ஒண்ணும் இல்லைன்னு கேளு" என்றார்.

அப்புறம் தீ. அங்கே வருடத்துக்கு ஆறு பருவம். நமக்கும் கார், கூதிர் என்று ஆறு உண்டு என்று பெருமையாகச் சொன்னேன். "தேதி வெச்சா?" என்றார். மாதக் கணக்கு என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. அவர் கணக்கில் கடைசிப் புயல் ஈட்டிப் புல்லைச் சாய்த்துப்போட்டால் பங்கரெங், குளிர்ச்சி வந்தால் யெகே. யெகேயில்தான் கொளுத்தத் தொடங்குவார்கள், சாயந்திரம். ராத்திரிப் பனி இறங்கி நெருப்பைத் தானே அணைத்துவிடும். எந்த நாள் என்று எப்படித் தெரியும் என்றேன். காலையில் கால்சட்டை முழங்கால் வரை நனையணும் என்றார். அவ்வளவுதான்.

பார்வையாளன்:

முதல் பதிவுக்கு ஒரு சந்தேகம். மாடு தின்கிற புல் என்றால் மாட்டை விட்டு மேய்த்துவிடலாமே? இதற்கு ஏன் அரசு சம்பளத்தில் ஆள் வைத்துக் கொத்த வேண்டும்?

காங்கேயத்தான்:

நல்ல கேள்வி, நானும் கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டேன். மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு இந்தப் புல் வேண்டும், சண்டையே அங்கேதான். தெற்கு ஆஸ்திரேலியா 2015லேயே களை என்று அறிவித்துவிட்டது. ஆலிஸ் இருக்கிற வடக்கு ஆட்சிப் பகுதியில் அது 2024 வரை இழுத்தது, பண்ணைக்காரர்கள் ஒப்பவில்லை. பூங்காவுக்குள் மாட்டை விட்டால், நீர்க் குழியை மிதித்துச் சேறாக்கும், பாட்டிமார் தோண்டுகிற கிழங்கையும் சேர்த்து மிதிக்கும். அப்புறம் மாடு ஒரு புல்லை மட்டும் பார்த்துத் தின்னும் பிராணியா என்ன? எங்கள் கொறங்காட்டிலேயே வேலி அடைத்து, மாற்றி மாற்றி மேய்த்தால்தான் நிற்கிறது.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கொறங்காட்டில் மாடு மேய்வதைப் படம் எடுத்து அந்த ரேஞ்சருக்கு அனுப்பினேன். புல் முட்டி உயரம் கூட இல்லை, கடித்துக் கடித்து நுனி மழுங்கிக் கிடந்தது. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மாட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. "தரை தெரியுதே. அங்கே என்ன நடந்து போகும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் காலையில் போய்க் குனிந்து பார்த்தேன். மாட்டுக் குளம்பு தெரிந்தது, ஏதோ ஒரு பறவை, காடையாக இருக்கலாம். மூன்றாவதாக ஒன்று இருந்தது, எனக்குப் படிக்க வரவில்லை. அதையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

வருகிறவர்களுக்கு ஒன்று: அடுத்த மழைக்குப் பிறகு மறுபடி கொத்தப் போகிறோம். காலுறைக்கு மேல் துணி சுற்றிக்கொண்டு வாருங்கள், விதை கம்பளியில் ஒட்டினால் சீப்பு வைத்துச் சீவ வேண்டியிருக்கிறது. அதை எடுத்து முடிக்காமல் அவர் யாரையும் வண்டியில் ஏற்றுவதில்லை.