ஒரு பேக்கேஜுக்கு ஒரு பக்கம்: எப்படிப் பிரிப்பது?

மக்களே, ஒரு யோசனை வேண்டும். தக்கலையில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். லினக்ஸை ஒவ்வொரு பேக்கேஜாக (மென்பொருள் தொகுப்பாக) மூலநிரலிலிருந்து நானே பில்டு செய்த, அதாவது இயங்கும் நிரலாக மாற்றிய, குறிப்புகள் எல்லாம் ஒரே நீளக் கோப்பில் கிடக்கின்றன. போன வாரம் சாயங்கால மழையில் கரண்ட் போய், ஜிசிசி என்ற கம்பைலரின் பில்டு பாதியில் நின்றது. எந்த வரியில் விட்டேன் என்று தேடியே ஒரு மணி நேரம் போயிற்று.

சரி, பேக்கேஜுக்கு ஒரு பக்கம் என்று பிரிக்கத் தொடங்கினேன்: பதிப்பு எண், முன்தேவைகள் (அதற்கு முன் இருக்க வேண்டிய பேக்கேஜுகள்), கட்டளைகள், வந்த பிழைகள். ஸெட்லிப் (தரவைச் சுருக்கும் லைப்ரரி) மாதிரி சின்னது சுலபம். எழுத்துருக்களை வரையும் ஃப்ரீடைப்பில்தான் மாட்டிக்கொண்டேன். அதற்கு, எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் ஹார்ஃப்பஸ் இருந்தால் நல்லது. ஹார்ஃப்பஸுக்கோ ஃப்ரீடைப் இருந்தால் நல்லது. ஆக, ஃப்ரீடைப்பை முதலில் ஹார்ஃப்பஸ் இல்லாமல் ஒரு தடவை, ஹார்ஃப்பஸ் முடிந்தபின் மறுபடி ஒரு தடவை பில்டு செய்ய வேண்டும். இதற்கு ஒரே பக்கமா, இரண்டா? பில்டு வரிசைக்கென்று தனிப் பக்கம் வைத்தால், ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறந்துவிடுவேன். என் லட்சணம் எனக்குத் தெரியும்.

அப்புறம், டார் கோப்பைப் (மூலநிரல் கட்டைப்) பிரிப்பது, மேக் இன்ஸ்டால் (நிறுவும் கட்டளை) போன்ற பொதுப் படிகளையும் பக்கந்தோறும் எழுதுகிறீர்களா? இப்போதைக்கு எல்லாம் மார்க்டவுனில் (எளிய உரை வடிவம்), கிட்டில் (Git, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் உங்கள் பக்கம் ஒன்றை மாதிரிக்குக் காட்டினாலே போதும்.