புதுப்பிப்பு: கன்னே போரில் மையப்படை இம்முறை உடையவில்லை

கி.மு. 216இல் வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் ரோமானியரைச் சுற்றிவளைத்த கன்னே போரைக் கணினி வியூக விளையாட்டில் நடத்திப் பார்த்தபோது, அவர் படையின் மையத்தில் பிறைவடிவில் நிறுத்திய கோல் இன வீரர்களும் ஐபீரிய (ஸ்பெயின்) வீரர்களும் மெல்லப் பின்வாங்கி எதிரியை உள்ளே இழுப்பதற்குப் பதிலாகச் சிதறி ஓடுகிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். மையத்தில் ஆள் கூட்டும்படி பலர் சொன்னார்கள். ஆனால் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் போலிபியஸ் தரும் கணக்கை, அதாவது ரோமானியர் ஏறத்தாழ 86,000, கார்த்தேஜியர் 50,000 என்ற விகிதத்தை, மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

தவறு வேறிடத்தில் இருந்தது. தளபதியைப் பாதுகாப்பாகப் பின்னால் நிறுத்தியிருந்தேன். ஹன்னிபாலோ தம்பி மாகோவுடன் மையத்திலேயே நின்றவர். அவரை அங்கே கொண்டுவந்ததும், கோல் படையின் கொடி இருமுறை வெளுத்து மினுங்கியும் (படை மனம் தளர்வதை விளையாட்டு இப்படித்தான் காட்டும்) ஓடாமல், அடியடியாகப் பின்வாங்கியது. அந்தச் சில நிமிடங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

இரு ஓரங்களிலும் ஆழமான வரிசையில் காத்திருந்த லிபியரை, அதாவது ஹன்னிபாலின் ஆப்பிரிக்கக் காலாட்படையை, ரோமானியர் குழிவுக்குள் நெருக்கியடித்து நுழைந்த பிறகே உள்நோக்கித் திருப்பினேன். ஆற்றோர ரோமானியக் குதிரைப்படையை வென்ற, ஹன்னிபாலின் படைத்தலைவர் ஹஸ்த்ரூபலின் குதிரைவீரர்கள், தோற்றவர்களைத் துரத்தாமல் மறுபக்கம் சென்று, ஹன்னிபாலின் வட ஆப்பிரிக்கக் குதிரைவீரர்களான நுமீடியருக்கு உதவி, அதன்பின் ரோமானியக் காலாட்படையின் முதுகில் பாய்ந்தார்கள். வளையம் மூடியது. தென்கிழக்கு மூலையில் மட்டும் ஒரு சிறு இடைவெளி விழுகிறது. அடுத்த முறை லிபியரின் கடைசி அணியைச் சற்று முன்னதாகத் திருப்பப் போகிறேன்.