உதவி: அப்பளம் போடுற வீட்டுல சுண்டெலி, பெட்டிக்குள்ள குட்டிகள். கொல்லாம வெளியேத்த வழி இருக்கா?

கல்லிடை மருமகள்:
எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குக் கல்லிடைக்குறிச்சி. பழைய ஓட்டு வீடு. தார்சா, பட்டாசல், அடுப்பங்கரை, புறவாசல்ல ஒரு சாய்ப்பு. அத்தை அப்பளம் போடுதாங்க, அதனால வீட்டுல எப்பவும் உளுந்து மாவு இருக்கும். பிசான நெல் அறுப்பு முடிஞ்சதுல இருந்து ராத்திரி ஆனா கரகரன்னு கொறிக்கிற சத்தம். மாவு டப்பாவோட மூடி ஓரமெல்லாம் பிளாஸ்டிக் துருவலாக் கிடக்கு. கல்யாணத்துக்கு வாங்கின பத்தமடைப் பாயிலயும் ஒரு முனை போச்சு.

எட்டு நாளைக்கு முன்னால கடையில சொன்னாங்கன்னு பசை அட்டை வாங்கி வச்சோம். விடியக்காலம் நாலு மணிக்குக் கீச்சு கீச்சுன்னு சத்தம். போய்ப் பாத்தா ஒரு சுண்டெலி, நாலு காலும் வயிறும் ஒட்டிக் கிடக்கு. இழுத்து இழுத்து ஒரு பக்கத்து முடி முழுக்க அட்டையிலயே பிஞ்சு நிக்கி. மிளகு மாதிரி ரெண்டு கண்ணு மட்டும் என்னையே பாக்குது. நல்லெண்ணெயைச் சொட்டுச் சொட்டா விட்டு, பழைய துணியால பைய பைய ஒவ்வொரு காலா எடுத்துவிட்டேன். அரை மணி நேரம் ஆச்சு. புறவாசல்ல வாழைத்தூர்ல போய் ஒண்டிக்கிட்டு. பொழைச்சுதா இல்லையான்னு தெரியல. அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு இறங்கல.

இன்னைக்குக் காலையில பரண்ல இருந்து பழைய சேலைப் பெட்டியை இறக்கினேன். உள்ள அஞ்சு குட்டி. முடியே இல்ல, ரோஸ் நிறத்துல சுண்டுவிரல் நுனி அளவுதான். கண்ணு திறக்கல. நான் ஒட்ட வச்சது இதுகளோட அம்மாவா இருக்குமோன்னு நெனச்சு கை நடுங்குது. அத்தை நாளைக்கு விஷ கேக் வைக்கணும்ங்காங்க. அவங்களையும் தப்பு சொல்ல முடியாது, மாவுதான் அவங்க பொழப்பு. யாராவது சரியான வழி சொல்லுங்க.

பாளை செவிலி:
தங்கச்சி, மொதல்ல விஷத்தை நிறுத்துங்க. கேக்குல இருக்கிற மருந்து ரத்தம் உறையாமப் பண்றது. தின்ன எலி உடனே சாகாது, மூணு நாலு நாள் உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சுதான் சாகும். அந்தச் சோர்ந்த எலியைப் பூனையோ கூகையோ தின்னா அதுக்கும் விஷம் ஏறும். ஓட்டுக்கு அடியில செத்துப்போனா நாத்தம் தாங்க முடியாது. எலி பேஸ்ட்டு இதைவிட மோசம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் மனுசன் வாயில போனா நேரா ஈரலைத் தாக்கும், முறிவு மருந்தே கிடையாது. தீவிர சிகிச்சைப் பிரிவுல வேலை பாக்கிறவ சொல்லுதேன், சாப்பாட்டுப் பொருள் செய்யுற வீட்டுக்குள்ள அதைக் கொண்டுவரவே கூடாது.

அப்புறம், புழுக்கையைக் காய்ஞ்ச தும்புமாறால கூட்டாதீங்க, தூசி மூக்குல ஏறும். ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைச்சுத் தெளிச்சு, பத்து நிமிசம் ஊறவிட்டு, கையுறை போட்டுத் துணியால துடைச்சு எடுங்க. எலிக்காய்ச்சல் எலி மூத்திரத்துல இருந்து கைகால்ல இருக்கிற சின்னக் கீறல் வழியா ஏறும். 2023 டிசம்பர் வெள்ளம் வடிஞ்சப்போ திருநெல்வேலியில வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பக்கம் வீடு கழுவினவங்க கிட்டயும் நான் இதைத்தான் சொன்னேன். எலி வாய் வச்ச மாவை மனசு பாக்காமக் கொட்டிருங்க.

ராமையன்பட்டி மாணவன் (கால்நடை மருத்துவம் படிக்கிறேன்):
அக்கா, ஒரு விசயம் பாத்துச் சொல்லுங்க. குட்டியோட வயித்துல இடது பக்கம் தோலுக்கு அடியில வெள்ளையா ஒரு பொட்டு தெரியுதா?

கல்லிடை மருமகள்:
டார்ச் அடிச்சுப் பாத்தேன் தம்பி. தெரியுது. அஞ்சுக்கும் தெரியுது.

ராமையன்பட்டி மாணவன்:
அது பால். தோல் அவ்வளவு மெலிசு, குடிச்ச பால் வெளியவே தெரியும். எட்டு நாளா தாய் இல்லாம இருந்தா குட்டி இருக்கவே இருக்காது. அதோட, முடி முளைக்கலன்னா பிறந்தே மூணு நாலு நாள்தான் இருக்கும். அம்மா உயிரோட வந்து போய்க்கிட்டுத்தான் இருக்கு. நீங்க அதை நெனச்சு வெதும்ப வேண்டாம்.

பசை அட்டை வேண்டாம்னு இந்திய விலங்குகள் நல வாரியமே மாநிலங்களுக்கு எழுதியிருக்கு. ஒரு பிராணியைத் தேவையில்லாம வதைக்கிறதை 1960-ஆம் வருச மிருகவதைத் தடுப்புச் சட்டமும் குத்தம்னுதான் சொல்லுது. மிச்ச அட்டை இருந்தா மடிச்சு ஒட்டிக் குப்பையில போடுங்க, திறந்து கிடந்தா பல்லி ஒட்டிக்கிடும்.

குட்டி மூணு வாரத்துல பால் மறக்கும். ஆனா அதுவரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம், ஏன்னா ஈன்ற அன்னைக்கே தாய் மறுபடி சினைப்படலாம், இன்னொரு இருபது நாள்ல அடுத்த ஈத்து. இன்னைக்குச் சாயங்காலமே கையுறை போட்டு, கூட்டைக் கலைக்காம, அந்தச் சேலைத் துணியோட அள்ளி ஒரு சின்ன அட்டைப்பெட்டியில வைங்க. ரெண்டு விரல் அகலத்துக்கு வாசல் விட்டுச் சாய்ப்புல ஓரமா வைங்க. எறும்பு ஏறாம பாத்துக்கிடுங்க. தாய் தேடி வந்து தூக்கிட்டுப் போயிரும்.

மேலப்பாளையம் கொத்தனார்:
தங்கச்சி, பொறி வச்சு நூறு எலி புடிச்சாலும் ஓட்டை இருக்கிற வரைக்கும் நூத்தி ஒண்ணு வரும். பென்சில் நுழையுற சந்து போதும் சுண்டெலிக்கு, ஆறு மில்லிமீட்டர். அங்கணத்துல (பாத்திரம் கழுவுற இடம்) தண்ணி போற வாய், ஓட்டுக்கும் சுவர் தலைக்கும் நடுவுல உள்ள இடைவெளி, புறவாசக் கதவுக்கு அடி, கேஸ் டியூப் போற துவாரம், கரண்டு பைப்பு, இது அஞ்சையும் பாருங்க. வெறும் சிமெண்ட் மட்டும் பூசினா ஈரம் காயுறதுக்குள்ள பறிச்சுரும். பாத்திரம் தேய்க்கிற எவர்சில்வர் கம்பிநாரை இறுக்கித் திணிச்சு, அதுக்கு மேல ஒண்ணுக்கு மூணு சிமெண்ட்-மணல் கலவை போடுங்க. துணி, தெர்மாகோல், பஞ்சு எல்லாம் அதுக்கு மெத்தைதான். இன்னைக்கே அடைச்சிருங்க.

ராமையன்பட்டி மாணவன்:
அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி, ஆனா இன்னைக்கே எல்லாத்தையும் அடைக்கக் கூடாது. தாய் உள்ள மாட்டிக்கிடும், குட்டி வெளிய பட்டினியாச் சாகும். நடமாடுற ஓட்டை எதுன்னு கண்டுபிடிச்சு அதை மட்டும் விட்டுட்டு மத்ததை அடைங்க. குட்டியைத் தூக்கிட்டுப் போனப்பொறவு கடைசியா அதை.

மேலப்பாளையம் கொத்தனார்:
அது நியாயம் தம்பி. எனக்குத் தோணல. எந்த ஓட்டைன்னு தெரியணும்னா ராத்திரி சுவரோரமாக் கோலப்பொடியைத் தூவி விடுங்க. சுண்டெலி நடுவீட்டுல நடக்காது, சுவரை ஒட்டித்தான் ஓடும். காலையில தடம் காட்டிக்கொடுத்துரும்.

களக்காட்டு விவசாயி:
ஒரே ஒரு வேண்டுகோள். பொறியில புடிச்சதைப் பைக்ல கொண்டுபோய் அடுத்தவன் வயக்காட்டுல விடாதீங்க. நாங்க ஏற்கெனவே வரப்பெலியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கோம். அது கதிரை அறுத்து வளைக்குள்ள கொண்டுபோய்ச் சேத்து வச்சிரும். கூகை வந்து உக்காரட்டும்னு வயல்ல கம்பு நட்டு வச்சிருக்கோம், சாரைப்பாம்பை யாரையும் அடிக்க விடுறதில்ல. வீட்டுலயே பிறந்த சுண்டெலிக்கு அங்க ஒளியவும் தெரியாது, ஒரு ராத்திரி தாங்காது. உங்க புறவாசல்லயே விடுங்க. ஓட்டையை அடைச்சிட்டா அது உள்ள வரப்போறது இல்ல.

பாளை ஆச்சி:
ஏட்டி, கம்பிக்கூட்டுப் பொறியில தேங்காச் சில்லைத் தணல்ல வாட்டி வை. பச்சைச் சில்லு மணக்காது. மணிக்கொருதரம் இல்லாட்டியும் படுக்கப்போறப்பவும் முழிச்ச உடனேயும் பாரு. கூட்டுல கிடந்து தாகத்துல சாகவிடாத. ஒரு துணியைப் போட்டு மூடுனா மிரளாது.

கல்லிடை மருமகள் (ஆறு நாள் கழிச்சு):
எல்லாருக்கும் சொல்லணும்னு ஓடி வந்தேன். அன்னைக்கு ராத்திரியே தடம் தெரிஞ்சு போச்சு. கோலப்பொடியில ஊசியால குத்தினாப்புல சின்னச் சின்னக் காலு, நடுவுல வால் இழுத்த கோடு, நேரா அடுப்புக்குப் பின்னால கேஸ் டியூப் துவாரத்துக்குப் போகுது. டியூபைச் சுத்திக் கட்டைவிரல் அளவுக்குச் சந்து. இத்தனை வருசம் அது என் கண்ணுல படவே இல்ல.

குட்டிப் பெட்டியைச் சாய்ப்புல வச்சு, பெட்டியைச் சுத்தி மஞ்சப்பொடியால கோடு போட்டேன். விளக்கை அணைச்சிட்டு நானும் அத்தையும் புறவாசப் படியில உக்காந்திருந்தோம். பதினொரு மணி இருக்கும். துவாரத்துல இருந்து இறங்கி வந்துச்சு. பெட்டிக்குள்ள போச்சு, ஒண்ணை வாயில கவ்விக்கிட்டு விறகு அடுக்குக்குள்ள நுழைஞ்சுது. திரும்ப வந்துச்சு. அஞ்சு தடவை. அத்தை மூச்சு விடாமப் பாத்தாங்க. அஞ்சாவது குட்டியும் போனப்பொறவு, “பெத்தவ பெத்தவதான்” அப்படின்னாங்க. விஷ கேக் பேச்சே அதோட வீட்டுல எழும்பல.

மறுநாள் கொத்தனார் அண்ணாச்சி சொன்ன மாதிரியே கம்பிநார், கலவை. கதவுக்கு அடியில தகடு. மாவு முழுக்க எவர்சில்வர் தூக்குக்கு மாத்தியாச்சு. வீட்டுக்குள்ள மிச்சம் ரெண்டு இருந்துச்சு, ஆச்சி சொன்ன வாட்டின தேங்காச் சில்லுக்கு அடுத்தடுத்த ராத்திரி வந்து விழுந்துச்சு. ரெண்டையும் வாழைக்கு அடியில விட்டேன்.

மூணு நாளாப் பொடியில தடமே இல்ல. நேத்து மட்டும் அங்கணத்துப் பக்கம் கலைஞ்சிருந்துச்சு, பதறிப்போய் டார்ச் அடிச்சா நீட்ட மூக்கோட ஒரு மூஞ்சூறு, கரப்பானைப் புடிச்சுத் தின்னுக்கிட்டு இருக்கு. அங்கணத்துக்குக் கம்பி வலை நாளைக்குத்தான் வருது. அது தின்னு முடிச்சுத் தானா வெளிய போறவரைக்கும் நின்னேன்.