பைலோரிக்கு 14 நாள் மருந்து முடிந்தும் ரத்தத்தில் பாசிட்டிவ்: கிருமி போகவில்லையா?

கேள்வி: இரைப்பையில் தங்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்குச் சிகிச்சை முடிந்தபின் ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் மறுபடி ஆன்டிபயாடிக் வேண்டுமா? புற்றுநோய் பயம் எவ்வளவு நியாயம்?

பதில் 1: அந்த ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ரத்தத்தில் பார்ப்பது கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை; கிருமி செத்த பிறகும் அது மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இருக்கும். யூரியா மூச்சுப் பரிசோதனையோ மலத்தில் கிருமியின் கூறுகளைத் தேடும் ஆன்டிஜென் பரிசோதனையோதான் சரி. ஆன்டிபயாடிக், பிஸ்மத் (இந்தச் சிகிச்சையில் சேரும் இன்னொரு மருந்து) நிறுத்தி 4 வாரம், அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் வகை மாத்திரை நிறுத்தி 2 வாரம் கழிய வேண்டும். இல்லையென்றால் கிருமி அடங்கிக் கிடந்து பொய்யாக நெகட்டிவ் காட்டும். (லேபில் இதைப் பலர் கேட்பதே இல்லை.)

பதில் 2: மேலே சொன்னது சரி. உண்மையிலேயே பாசிட்டிவ் என்றால் அதே மருந்தைத் திரும்ப எழுதக் கூடாது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மசியாத ரகக் கிருமியாக இருக்கலாம். பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்து முறைக்கு மாற்றுவார்கள். நடுவில் வேளை தவறுவதும் தோல்விக்குக் காரணம்.

பதில் 3: புற்றுநோய் பற்றி: 1994இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் கிருமியை முதல் வகைக் காரணியாக, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பட்டியலில், சேர்த்தது. ஆனால் தொற்றுள்ளவர்களில் மிகச் சிலருக்கே இரைப்பைப் புற்றுநோய் வருகிறது. நாள்பட்ட அழற்சி, சுரப்பிகள் தேய்வது, குடல் திசு போல மாறுவது, பிறகு செல் பிறழ்வு என்று பல ஆண்டுகள் நகரும். எண்டோஸ்கோபி பயாப்சியில் திசு மாற்றம் எழுதியிருந்தால் கிருமி போன பிறகும் கண்காணிப்பு தேவையா என்று இரைப்பை மருத்துவரிடம் கேளுங்கள்.