வீட்டில் கடைந்த ஸ்பின்டலை ஹெலிகாப்டரில் போடலாமா?

பிரட்டுக்களப் பைலட் (சுங்கை சிப்புட், மலேசியா)

அண்ணன்மார்களே, ஒரு முடிவுக்கு வர உதவுங்கள். என்னிடம் இருப்பது 450 சைஸ் மின்சார ரிமோட் ஹெலிகாப்டர், பழைய மாடல். தோட்டத்துப் பழைய பிரட்டுக்களத்தில் (தொழிலாளர்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் திடல்) ஞாயிறு காலையில் பறக்கவிடுவேன். போன வாரம் செம்பனை மட்டையில் மோதி விழுந்துவிட்டது. ஸ்கிட் (தரையில் நிற்கும் கால்) உடைந்தது, கேனபி (முன்பக்க மூடி) கிழிந்தது, ஸ்பின்டல் வளைந்தது. ஸ்பின்டல் என்பது ரோட்டார் தலையின் குறுக்கே ஓடி இரண்டு பெரிய பிளேடுகளையும் பிடித்திருக்கும் 3 மி.மீ. எஃகுக் கம்பி.

ஸ்கிட்டை நானே செய்துவிட்டேன். கேனபிக்கு மரத்தில் அச்சு செதுக்கி, அதன்மேல் 5 லிட்டர் தண்ணீர் பாட்டிலை மாட்டி, ஹாட் ஏர் கன்னால் சுருக்கி எடுத்தேன், அழகாக வந்தது. ஸ்பின்டல்தான் சிக்கல். இங்கே கடைகளில் இல்லை. வெளிநாட்டில் ஆர்டர் செய்தால் மூன்று வாரம் ஆகும், 18 வெள்ளி (ரிங்கிட்) சாமானுக்கு 40 வெள்ளி தபால் செலவு. ஆலைப் பட்டறையில் 3 மி.மீ. சில்வர் ஸ்டீல் (கருவிகள் செய்யும் எஃகு) கம்பி கிடைக்கிறது. கடைந்து, இரு முனையிலும் 2 மி.மீ. மரை வெட்டிப் போட்டுவிடலாமா?

கடைசல்காரன்

போடலாம் தம்பி, தைரியமாகப் போடுங்கள். செம்பனை ஆலைப் பட்டறையில் 31 வருடம் லேத்து ஓட்டியவன் சொல்கிறேன். ஜெர்மனியில் டீட்டர் ஷ்லூட்டர் 1970 வாக்கில் ரிமோட் ஹெலிகாப்டரைப் பறக்கவைத்தபோது எந்தக் கடையில் ஸ்பின்டல் வாங்கினார்? எல்லாம் பட்டறையில் பிறந்த சாமான்தான். அப்போதைய பிளேடுகளே மரம். முன் விளிம்பில் ஈயம் பதித்து எடை சரிபார்த்துப் பறக்கவிட்டார்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். சில்வர் ஸ்டீல் வாங்கும்போது மிருதுவாக இருக்கும், அப்படியே போட்டால் முதல் தடவை விழுந்ததுமே வளையும். மரை வெட்டியபின் 780 டிகிரிக்கு, செர்ரிச் சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் நனைத்து, அப்புறம் 250 டிகிரி வாக்கில் பதம் இறக்க வேண்டும்.

ஈப்போ 700

அண்ணே, உங்கள் கைவேலையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தப் பதிலைப் படித்துவிட்டு ஒரு பையன் வீட்டு அடுப்பில் கம்பியைச் சூடாக்கிப் பார்ப்பானே, அதுதான் என் பயம்.

கணக்குப் பாருங்கள். 450 ஹெலியின் பிளேடு ஒன்று சுமார் 35 கிராம். அதன் எடை மையம் நடுவிலிருந்து 19 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 2800 சுற்றில் அது வெளிப்பக்கம் இழுக்கும் விசை கிட்டத்தட்ட 58 கிலோ. 20 கிலோ செம்பனைக் குலை மூன்றை அந்த மெல்லிய கம்பியின் முனையில் தொங்கவிட்டதுபோல. சுற்று பத்து சதவீதம் கூடினால் இழுவை இருபத்தொரு சதவீதம் கூடும். பிளேடு நுனி மணிக்கு 370 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். பல வருடத்துக்கு முன் இதே சைஸ் ஹெலியில் பிளேடைப் பிடிக்கும் திருகாணி தொலைந்தது. இரும்புக்கடைத் திருகாணி ஒன்றைப் போட்டேன். இரண்டாவது பறப்பில் பிளேடு கழன்று பக்கத்து ஆட்டுக் கொட்டகையின் தகரக் கூரையைத் துளைத்துப் போனது. உள்ளே ஆடுகள் இருந்தன. ஒன்றுக்கும் அடிபடவில்லை. அன்றிலிருந்து சுற்றுகிற எதிலும் நான் கைவைப்பதில்லை.

பிரிண்டர் தம்பி

நான் 3டி பிரிண்டர் வைத்திருப்பவன். இந்த விஷயத்தில் ஈப்போ அண்ணன் பக்கம். பேட்டரித் தட்டு, ஆன்டெனா பிடி எல்லாம் நானே அச்சடிக்கிறேன். முதலில் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் செய்த தட்டைக் காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் வளைந்து கிடந்தது. அது 60 டிகிரியிலேயே இளகும், நம் வெயிலில் மூடிய கார் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொடும். இப்போது பிஇடிஜி என்ற பிளாஸ்டிக்தான், 80 டிகிரி வரை நிற்கிறது. ரோட்டார் தலைக்கு மட்டும் எதையும் அச்சடிக்க மாட்டேன்.

கடைசல்காரன்

பிளாஸ்டிக்கும் எஃகும் ஒன்றா தம்பி? ஈப்போ தம்பியின் கணக்குச் சரிதான், அதையே எடுத்துக்கொள்கிறேன். 2 மி.மீ. திருகாணியில் இழுவை தாங்கும் பரப்பு சுமார் 2 சதுர மி.மீ. அப்படியானால் சதுர மி.மீட்டருக்கு 29 கிலோ. 12.9 என்ற உயர்ந்த வலுத் தரத் திருகாணி அதே சதுர மி.மீட்டருக்கு 120 கிலோ வரை தாங்கும், நான்கு மடங்கு இடம் இருக்கிறது. 4.8 தரச் சாதாரணத் திருகாணி சதுர மி.மீட்டருக்கு 40 கிலோவில் அறுந்துவிடும், அதற்கு முன்பே நீளத் தொடங்கும். உங்கள் ஆட்டுக் கொட்டகைக் கதை திருகாணித் தரத்தின் கதை. வீட்டில் செய்ததால் வந்த வினை இல்லை.

நான் கடைந்துகொடுத்தால் சும்மா கொடுக்க மாட்டேன். செயின் பிளாக்கில் (சங்கிலிக் கப்பி) மாட்டி 175 கிலோ, அதாவது மூன்று மடங்கு இழுத்துப் பார்த்துத்தான் கையில் கொடுப்பேன்.

ஈப்போ 700

நின்று இழுப்பது வேறு, சுற்றிக்கொண்டே இழுபடுவது வேறு அண்ணே. பத்து நிமிடப் பறப்பில் 28,000 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிளேடு முன்னே போகும்போது ஒரு சுமை, பின்னே வரும்போது வேறு சுமை. கம்பி கொஞ்சம் வளைந்து நிமிர்ந்துகொண்டே இருக்கும். தண்ணீரில் நனைக்கும்போது மரையின் அடியில் மயிரிழை வெடிப்பு விழுந்திருந்தால் உங்கள் 175 கிலோவில் அது தெரியாது, முப்பதாவது பறப்பில்தான் தெரியும். கம்பெனிக்காரன் ஆயிரக்கணக்கில் செய்து, உடைந்ததைப் பார்த்துத் திருத்தியிருப்பான். நாம் செய்வது ஒன்றே ஒன்று.

கடைசல்காரன்

வெடிப்பைப் பார்க்க மண்ணெண்ணெய் இருக்கிறது. கம்பியை அதில் ஊறப்போட்டு, நன்றாகத் துடைத்து, சாக்கட்டித் தூள் பூசினால் வெடிப்பு இருக்கும் இடத்தில் கோடாக ஈரம் கசியும். மில் ஷாஃப்ட்டுகளை அப்படித்தான் பார்த்தோம்.

பக்கத்து லயத்து அக்கா

நான் ஹெலிகாப்டர் விடுவதில்லை. அந்தப் பிரட்டுக்களத்துக்குப் பக்கத்து லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசை) இருக்கிறேன். தம்பி, ஞாயிற்றுக்கிழமை உங்கள் பின்னால் வரிசையாக நிற்கிற பிள்ளைகளில் என் மகனும் ஒருவன். உங்கள் ஹெலிகாப்டரைப் பார்த்துத்தான் அவன் ஆலையில் வேலை செய்ய வேண்டாம், இன்ஜினியர் ஆக வேண்டும் என்கிறான். அவனை வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 58 கிலோ, 370 கிலோமீட்டர் என்று படித்ததும் வயிறு கலங்கியது. அந்தக் கம்பி அறுந்தால் பிளேடு எந்தப் பக்கம் போகும் என்று உங்களில் யாராவது சொல்ல முடியுமா?

ஈப்போ 700

முடியாது அக்கா. அறுந்த நொடியில் அது எந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்ததோ அந்தப் பக்கம் போகும். 2013இல் நியூயார்க்கில் ஒரு பூங்காவில் 19 வயது இளைஞர் தன் சொந்த ஹெலியின் பிளேடு பட்டே இறந்தார். அதற்கும் வீட்டில் செய்த சாமானுக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. பிளேடு பட்டால் என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன். வாங்கிய ஸ்பின்டலே போட்டாலும் பிள்ளைகள் அவ்வளவு கிட்டத்தில் நிற்கக் கூடாது.

கடைசல்காரன்

அக்கா கேட்டதற்கு என்னிடமும் பதில் இல்லை. என் கைவேலை அறுகாது என்று இன்னமும் நம்புகிறேன். ஆனால் அந்தப் பிள்ளை முன்னால் நிற்கும்போது நம்புகிறேன் என்ற வார்த்தை போதாது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

பிரட்டுக்களப் பைலட்

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு ஸ்பின்டல் ஆர்டர் செய்துவிட்டேன், நான்கு ஜோடி. தபால் செலவு அதே 40 வெள்ளிதான்.

ஸ்கிட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதலில் அலுமினியத்தில் செய்தேன். கொஞ்சம் வேகமாக இறக்கியதும் ஸ்கிட் அப்படியே நிற்க, அடித்தட்டு வெடித்துவிட்டது. இப்போது மெல்லிய ரோத்தான் பிரம்பை வளைத்து நைலான் திருகாணியில் கட்டியிருக்கிறேன். அடி விழுந்தால் பிரம்பும் நைலானும் முதலில் போகும், மற்றதெல்லாம் தப்பிக்கும். இந்த இடத்தில் மட்டும் வீட்டுச் சாமான் கடைச் சாமானைவிட நன்றாகவே இருக்கிறது. பழகுகிறவர்கள் இதே ரோத்தானைக் குறுக்கே கட்டி, முனைகளில் பிங்பாங் பந்து மாட்டிக்கொள்ளுங்கள், ஹெலி சாயாது.

அக்கா, தோட்டத்து ஸ்டோர் சுவருக்குப் பின்னால் ஜன்னல் இருக்கிறதே, கம்பிவலை போட்டது. இனிமேல் பிள்ளைகள் அங்கிருந்துதான் பார்ப்பார்கள். மோட்டார் நின்று, பேட்டரியைக் கழற்றிய பிறகு கூப்பிடுகிறேன். உங்கள் மகனை முதலில் கூப்பிடுகிறேன்.

கடைசல்காரன்

நல்லது தம்பி. நான் அந்த ஸ்பின்டலைக் கடையத்தான் போகிறேன், மூன்று கம்பி. சனிக்கிழமை பட்டறையில் அறுகிறவரை இழுத்துப் பார்ப்போம், எத்தனை கிலோவில் போகிறது என்று எழுதிவைக்கிறேன். ஈப்போ தம்பியும் வரவேண்டும்.

ஈப்போ 700

வருகிறேன் அண்ணே. 4.8 திருகாணி இரண்டு கொண்டுவருகிறேன், அதையும் இழுத்துப் பார்க்க வேண்டும்.