மறு: ஸ்கீ ரிசார்ட்டுக்குத் தமிழில் என்ன?

வணக்கம்.

> 'நோக்கக் கட்டுமானப் பனிச்சறுக்கு உல்லாச விடுதி' எனலாமா?

எனலாம், ஆனால் படிக்கிறவர் பாதி வழியிலேயே இறங்கிவிடுவார். நீளத்தை விடுங்கள், எனக்கு இடிப்பது 'விடுதி'. நாம் பேசுவது ஓர் ஊரைப் பற்றி. குடியிருப்பு, மளிகைக் கடை, மருத்துவர், மலையேற்றும் கம்பிவண்டி எல்லாம் சேர்ந்த ஊர். 'நிலையம்' வேண்டவே வேண்டாம். பிரெஞ்சில் 'ஸ்தசியோன்' என்கிறார்களே என்று ஒருமுறை 'பனிச்சறுக்கு நிலையம்' என்று எழுதிவிட்டேன். அங்கே எந்த ரயில் நிற்கும் என்று ஒரு வாசகர் கேட்டார்.

> ஷாமொனி, கூர்ஷவெல் இரண்டுக்கும் ஒரே சொல் போதாதா?

போதாது, சிக்கலே அங்குதான். இரண்டும் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் இருப்பவை. ஷாமொனி ஏற்கெனவே இருந்த மலையூர். சறுக்க வந்தவர்கள் பிறகு வந்து சேர்ந்தார்கள். கூர்ஷவெல் 1850-ஐ (1850 ஆண்டல்ல, பெயரோடு சேர்த்த உயர எண்) 1946-இல் சவுவா மாவட்ட மன்றமே மேய்ச்சல் நிலத்தில் தொடங்கியது. அதை வடிவமைத்த லோரன் ஷப்பி, ஆஸ்திரியாவில் போர்க்கைதியாக இருந்தபோதே இதற்கான யோசனைகளை வளர்த்துக்கொண்டவர். முதலில் சரிவைப் பார், வெயில் எங்கே விழுகிறது, பனி எங்கே சரியும் என்று பார், அப்புறம் வீட்டை வை என்பது அவர் முறை. நம் ஊர்களில் பாதை முன்னால் வரும், வீடு பின்னால் வரும். அங்கேயும் சறுக்குப் பாதை ஊருக்கு முன்பே தீர்மானமாகிவிட்டது.

1960-களில், மலையில் இப்படிப் புது ஊர்கள் கட்ட பிரெஞ்சு அரசு போட்ட 'பனித் திட்டம்' வந்தபின் இது இன்னும் இறுகியது. ஃப்ளேனைப் பாருங்கள். சுமார் 1600 மீட்டர் உயரத்தில் ஒரு கிண்ணம் போன்ற பள்ளம். எரிக் புவசொனா என்ற புவி இயற்பியலர் தொடங்கிவைத்தார், கட்டடக் கலைஞர் மார்செல் புரூயர் கான்கிரீட்டில் வரைந்தார். லெஸ் ஆர்க் என்ற இன்னொரு ஊரில் வடிவமைப்பாளர் ஷார்லொத் பெரியான் செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். மலைமேல் கட்ட வேனில் மாதங்கள்தான் கிடைக்கும். அதனால் அந்த ஊரின் ஒரு பகுதியான ஆர்க் 1800-இல் குளியலறையைத் தொழிற்சாலையில் ஒரே வார்ப்பாக பாலியஸ்டரில் செய்து, கொண்டுவந்து கிரேனில் தூக்கி உள்ளே வைத்தார்கள். தொட்டி, கழுவுதொட்டி, தரை எல்லாம் முட்டையோடு போல ஒரே துண்டாக, மூலைகள் வளைந்து. கொத்தனாருக்கு அங்கே வேலையில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ஒன்றுமில்லாத இடத்தில், ஒரு வேலைக்காக, ஒரே கை திட்டமிட்டுக் கட்டும் ஊருக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: நகரியம். நெய்வேலி நகரியம் என்று எழுதும்போது யாரும் 'நோக்கத்துக்காகக் கட்டிய' என்று சேர்ப்பதில்லை, அது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே என் முன்மொழிவு 'பனிச்சறுக்கு நகரியம்'. முதல் தடவை முழுசாக, அப்புறம் 'சறுக்கு நகரியம்'. ஷாமொனி மாதிரி ஊருக்கு 'சறுக்கு ஊர்' போதும்.

> நகரியத்தில் ஆட்கள் ஆண்டு முழுக்க வாழ்வார்களே?

நல்ல கேள்விதான். ஆனால் நகரியம் என்ற சொல், கட்டிய விதத்தைத்தான் சொல்கிறது, யார் எத்தனை மாதம் இருக்கிறார்கள் என்பதை அல்ல. கனடாவிலிருந்து எழுதிய அம்மையார், வீட்டில் எல்லோரும் 'ஸ்னோ' என்றுதான் சொல்கிறார்கள், பனி என்றால் மார்கழிப் பனி மாதிரி இருக்கிறது என்றார். உண்மை. அதனால்தான் 'பனி'யைத் தனியே நிற்கவிடாமல் 'சறுக்கு'டன் ஒட்டியே வைக்கிறேன். வெறும் 'சறுக்கு' என்று ஆரம்பித்தால் பூங்காவின் சறுக்குமரம் வந்துவிடும்.

கூடவே இரண்டு சொற்கள். சறுக்குக் கட்டைகளைக் கழற்றாமலே வீட்டு வாசல் வரை வருவதற்கு 'வாசற்சறுக்கு'. கட்டடங்களும் சரிவும் சந்திக்கும் விளிம்புக்கு பிரெஞ்சில் 'பனி முகப்பு' என்று பொருள்படும் சொல் இருக்கிறது, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சரிவுகள் எல்லாம் வந்து கூடும் அடிவாரத் தரைக்கு அவர்கள் வைத்த பெயர் 'க்ரெனுயேர்', அதாவது தவளைக் குட்டை. ஆட்கள் மொய்க்கும் இடம்தானே! இதற்கு நான் எதையும் கண்டுபிடிக்க மாட்டேன், தவளைக் குட்டையாகவே இருக்கட்டும்.

1977-இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ஜிஸ்கார் தெஸ்தேன் வலுயீஸ் என்ற மலையூரில் ஆற்றிய உரைக்குப் பின் இந்த வகைக் கட்டுமானத்துக்குக் கடிவாளம் விழுந்தது. அதற்குச் சற்று முன்பே, 1976-இல் திறந்த வல்மொரெல் போன்றவை பழைய மலைக்கிராமச் சாயலில் எழத் தொடங்கியிருந்தன. அவையும் நகரியம்தான், உடை வேறு.

ஒன்று மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த ஊர்களின் அளவைப் படுக்கைக் கணக்கில் சொல்வார்கள். உரிமையாளர் ஆண்டில் சில வாரமே வந்து, மற்ற நாளெல்லாம் காலியாகக் கிடக்கும் படுக்கைக்குப் பிரெஞ்சில் 'குளிர்ந்த படுக்கை' என்று பெயர். நமக்கு அது குளிர்கால இரவைத்தான் நினைவூட்டும். 'பூட்டிய படுக்கை' என்று எழுதி வைத்திருக்கிறேன். பூட்டுவது வீட்டையா படுக்கையையா என்று என் மனைவி கேட்கிறார். வேறு யாருக்காவது ஏதும் தோன்றுகிறதா?